பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு

அவளுக்குச் சக்கரம் என்று பெயர் வைத்தவர்கள் சலவைக் கூடத்துப் பெண்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று யாரோ ஒருத்தி சொல்ல, காலையும் பிறந்ததையும் விட்டுவிட்டு நடுவில் இருந்ததை எடுத்துப் பெயராக்கிக்கொண்டார்கள். பிறகு தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

என் கடை பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே இருந்தது. பென்சில், ரப்பர், அட்டை, பசை, பிள்ளைகள் வீட்டில் மறந்துவிட்டு வரும் எல்லாமும் விற்பேன். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுச் சலவைக் கூடத்துக்குப் போகும் வழியில் சக்கரம் என் கடையில் நிற்பாள். ஸ்டூலை இழுத்துப் போட்டால் அதில் பையை வைப்பாள், உட்கார மாட்டாள். பக்கத்துக் கடை டீயை நின்றபடியே ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, கண்ணைத் தெருமுனையில் வைத்துக்கொண்டு பேசுவாள். அவள் கதை எனக்குத் தெரிந்தது அப்படி நின்றுகொண்டு சொன்னதில்தான். அரைகுறையாக, முன்னும் பின்னுமாக. கோர்த்துக்கொண்டவன் நான்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் ரோடு போடுகிறவர்கள். தார் டிரம் எங்கே நிற்கிறதோ அதற்குப் பக்கத்தில் கூடாரம். ரோடு நகர்ந்தால் கூடாரமும் நகரும். அப்பாவுக்குப் படிப்பின் மேல் ஆசை உண்டு. போகிற இடத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிடுவார். இரக்கப்பட்ட டீச்சர்கள் கடைசி பெஞ்சில் இடம் கொடுப்பார்கள். வயசுக்கு ஒரு வகுப்புக் கீழே, சில இடங்களில் இரண்டு வகுப்புக் கீழே.

"ஒரு ஸ்கூல்ல போய்ச் சேர்ந்தா பூவோட பாகங்கள் நடத்திட்டு இருப்பாங்க அண்ணே. அல்லி வட்டம், புல்லி வட்டம், மகரந்தம். அது முடியறதுக்குள்ள ரோடு நகர்ந்துடும். அடுத்த ஸ்கூல்ல போய் உக்காந்தா, அங்கயும் அன்னிக்குத்தான் பூ. அதுக்கு அடுத்த ஸ்கூல்லயும் பூ. இன்னிக்கு ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் வரைஞ்சு காட்டுவேன். ஆனா வகுத்தல் கணக்கு மட்டும் எனக்கு எங்கயுமே மாட்டல. ஒரு எடத்துல அடுத்த வாரம்னாங்க. இன்னொரு எடத்துல, அது போன மாசமே முடிஞ்சு போச்சேன்னாங்க."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். 

கடைசிப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் கேட்டார். அப்பா அவளைப் பார்த்து, "கடைசியா நீ எந்த ஊர்ல படிச்சே?" என்று கேட்டார். அவளுக்கு அந்த ஊர் பெயர் தெரியவில்லை. வாசலில் ஒரு புளியமரம் இருந்தது, அதுதான் நினைவு. புளியமரத்தின் பெயரில் சான்றிதழ் வாங்க முடியாது. மறுநாளிலிருந்து அம்மாவோடு ஜல்லிக் கூடை சுமக்கப் போனாள்.

கல்யாணம் ஆனதும் இந்த அலைச்சல் ஓயும் என்று நினைத்தாள். மாப்பிள்ளை கட்டட வேலை, ரோடு வேலை இல்லை. கட்டடம் நகராதே. ஆனால் அவர் தரைக்குக் கல் பதித்துப் பாலிஷ் போடுகிறவர். தரை என்பது கடைசி வேலை. மேஸ்திரி கூப்பிடும் கட்டடத்துக்குப் போய், அதிலேயே ஒரு மூலையில் அடுப்பு வைத்துத் தங்கி, தரையை முடிப்பதற்கும் கதவு ஜன்னல் வருவதற்கும் சரியாக இருக்கும். கதவு வந்தால் இவர்கள் வெளியே. "கல்யாணத்தன்னிக்கு தலை கருகருன்னு இருந்த மனுஷன், அடுத்த வாரம் வேலை முடிஞ்சு வந்து நிக்கறார், தலையெல்லாம் வெள்ளையா. யார் வீட்டுத் தாத்தான்னு பார்த்தேன்" என்பாள். கல்தூள்.

மகளை ஒரு ஊரில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். பாதி வருஷத்தில் கட்டடம் முடிந்தது. அடுத்த வேலை எங்கள் ஊரில், ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம். இங்கே என் கடைக்கு எதிரே இருந்த பள்ளியில் சேர்த்தார்கள். சேர்த்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பிள்ளை அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்:

"அம்மா, மறுபடியும் எனக்கு அ, ஆ சொல்லித் தர்றாங்க. நான் தெரியாத மாதிரியே உக்காந்திருக்கேன்."

"ஏன், தெரியும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா வேற பெஞ்சுக்கு மாத்திடுவாங்க. இப்பத்தான் ஒரு ஃப்ரெண்டு கெடைச்சிருக்கா."

அந்தப் பேச்சைச் சக்கரம் மறக்கவில்லை. ஆஸ்பத்திரித் தரை பளபளவென்று முடிந்து, மேஸ்திரி வேறொரு ஊரின் பெயரைச் சொன்னபோது, அவள் பாத்திரங்களைக் கட்டவில்லை.

"நான் வரல" என்றாள் புருஷனிடம்.

"வரலன்னா? வேலை நம்ம பின்னாடி வருமா? நாமதான் அது பின்னாடி போகணும்."

"நீங்க போங்க. போய்ட்டுப் போய்ட்டு வாங்க. பாப்பா இந்த ஸ்கூல்ல ஆரம்பிச்சதை இந்த ஸ்கூல்லயே முடிக்கட்டும்."

"பொண்டாட்டி ஒரு ஊர்ல, புருஷன் ஒரு ஊர்ல. என்ன குடும்பம் இது?"

"படிக்கிற பிள்ளை இருக்கற குடும்பம்."

அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் அன்று அடுப்பை உதைத்துத் தள்ளிவிட்டுத்தான் போனாராம். ரொம்ப மாசம் கழித்துத்தான் திரும்பி வந்தார், தலையில் வேறு ஊர்க் கல்தூளோடு. அதற்குள் அவள் சலவைக் கூடத்தில் சேர்ந்திருந்தாள்.

லாட்ஜுகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வரும். துவைக்க இயந்திரம் உண்டு, மடிக்க மனுஷர்கள்தான். எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று, விரிப்பின் முனைகளைப் பிடித்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து சேர்த்து, மறுபடி விலக வேண்டும். நாள் முழுக்க முன்னே போவதும் பின்னே வருவதும்தான் வேலை. அவளுக்கு அது பிடித்திருந்தது. கூட மடிக்கிறவள் பாடு திண்டாட்டம்.

முதல் அறை இஸ்திரிக் கடைக்குப் பின்னால். ஒரு சுவர் எப்போதும் சூடாக இருக்கும். மழைக்காலத்தில் சொர்க்கம், மற்ற மாதங்களில் சொல்ல வேண்டாம். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியதும் அடுத்தது, மோட்டார் ரிப்பேர் கடைக்கு மேலே. அதற்குப் படி என்று பெயருக்கு ஒன்று இருந்தது, ஏணியென்று சொன்னால் ஏணி கோபித்துக்கொள்ளும். பிள்ளை படிக்கும்போது கீழே மோட்டார் ஓட்டிப் பார்ப்பார்கள், தரை அதிரும், எழுத்து கோணும். அவள் கையெழுத்து கடைசி வரை நேராகவில்லை. டீச்சர் திட்டியபோது, "எங்க வீடே கோணலா ஆடுது டீச்சர்" என்று பதில் சொல்லி முட்டி போட்டது வேறு கதை.

எந்த அறைக்குப் போனாலும் சக்கரம் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் வருமா, காற்று வருமா என்று மற்றவர்கள் கேட்பார்கள். அவள் அறை வாசலில் நின்று, காதைத் தீட்டி, "பள்ளிக்கூட மணி இங்க கேக்குமா?" என்று கேட்பாள். வீட்டுத் தரகர் ஒருத்தர் என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "வீடு காட்டறேனா, மணி காட்டறேனா?"

இப்படி வருஷங்கள் ஓடின. பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்தாள். சுமாராகப் படிப்பாள். கணக்கு நன்றாக வரும், மற்றதெல்லாம் ஏதோ வரும். சக்கரத்துக்கு மார்க்கைப் பற்றிக் கவலை இல்லை. புத்தகத்தின் கடைசிப் பாடத்தைத் தன் மகள் ஒவ்வொரு வருஷமும் படிக்கிறாள் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. வருஷ முடிவில் புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கங்களைத் தடவிப் பார்ப்பாள். "நான் பார்த்த புஸ்தகத்துலயெல்லாம் இந்தப் பக்கம் புதுசாவே இருக்கும்" என்பாள்.

அப்போதுதான் பள்ளிக்கூடமே கிளம்பியது.

வாசல் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். சக்கரம் அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, கடைக்கு வந்தாள். "அண்ணே, கொஞ்சம் வந்து படிங்க. நான் படிச்சது தப்பா இருக்கணும்."

தப்பாக இல்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துபோனதால் பள்ளியை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளியோடு சேர்க்கிறார்கள். குறைந்தது உண்மைதான். கொஞ்சம் வசதி வந்தவர்கள் எல்லாம் வீட்டு வாசலுக்கு வேன் வருகிற பள்ளிகளுக்குப் பிள்ளைகளை மாற்றிவிட்டார்கள். மிச்சம் இருந்தவை வேனுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் ஓடிப்போனால் துரத்திக்கொண்டு போக முடியாதவர்கள் யாரோ, அவர்களிடமிருந்துதான் அது ஓடியது.

பெற்றவர்கள் சிலரோடு கல்வி அலுவலகத்துக்குப் போனோம். எனக்கும் பிழைப்பு போகிறதே, நானும் போனேன். அதிகாரி மரியாதையானவர். எல்லாருக்கும் நாற்காலி போடச் சொன்னார். சக்கரம் மட்டும் நின்றாள்.

"ரொம்ப தூரம் இல்லம்மா. மேப்ல பார்த்துத்தான் முடிவு பண்ணியிருக்காங்க. நேர்கோட்டுல பார்த்தா பக்கம்தான்."

"நேர்கோட்டுல போறதுக்கு எங்க பிள்ளைங்க காக்கா இல்லீங்க சார்" என்றாள். "அந்தக் கோட்டுக்கு நடுவுல லாரி போகுது."

அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, சுரங்கப்பாதை இருக்கிறது என்றார். இருந்தது. சாலைக்கு அடியில், ஆள் குனியாமல் போகலாம். ஆனால் மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கும், வெயில் காலத்திலும் நடுவில் ஒரு சேற்றுக் குட்டை காயாமல் கிடக்கும்.

பள்ளி மாறிய பிறகு பிள்ளைகள் ஒவ்வொருத்தராக உதிர்ந்தார்கள். யாரும் படிப்பை நிறுத்துவதாக முடிவெடுக்கவில்லை. விடியும் முன்பே அப்பா அம்மா வேலைக்குப் போய்விடுகிற வீட்டில் கொண்டுபோய் விட ஆள் இல்லை, அவ்வளவுதான். இன்றைக்குப் போக வேண்டாம் என்பார்கள். நாளைக்கு மழை. மறுநாள் போனால் டீச்சர் திட்டுவார் என்று பயம். அப்படியே ஒருத்தன் பஞ்சர் கடையில் உட்கார்ந்துவிட்டான். ஒருத்தி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

சக்கரம் தன் மகளைக் கூட்டிக்கொண்டு போவாள். போகிற வழியில் அந்த வாசலைக் கடக்க வேண்டும். இரண்டு நாள் கடந்தாள். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் பையைக் கொண்டு வரச் சொன்னாள், தம்பியை அடுத்த வீட்டம்மாவின் மடியில் திணித்தாள். அதற்கப்புறம் பஞ்சர் கடைக்குப் போனாள். கடைக்காரரோடு என்ன பேசினாளோ, பையன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். அந்த மாதக் கடைசியில் ஒரு பெரிய வரிசையே அவளுக்குப் பின்னால் நடந்தது. காலையில் எங்கள் தெருவில் அவள் குரல்தான் அலாரம். "ஷூ போட்டாச்சா? போடலன்னா கையில எடுத்துக்கிட்டு வா. நட, நட."

மகளுக்கு மானம் போயிற்று. பதினொரு வயசு. வரிசையில் சேராமல் பத்தடி முன்னாலேயே, இந்தக் கூட்டத்துக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது போல நடப்பாள். பெரிய பள்ளியில் யாரோ, "அது உங்க அம்மாவா?" என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் அம்மா" என்று சொல்லிவிட்டு நழுவியிருக்கிறாள்.

சலவைக் கூடத்து மேற்பார்வையாளர் ஆரம்பத்தில் கண்டுகொள்ளவில்லை. பிறகு காலையில் வர நேரமாகிறது, சாயங்காலம் சீக்கிரம் ஓடுகிறாள் என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். ஒரு நாள் அவள் கிளம்புகிற நேரம் பார்த்து ஆஸ்பத்திரி வண்டி வந்து நின்றது. "இறக்கி வெச்சிட்டுப் போ" என்றார். இறக்கி வைத்துவிட்டு ஓடினாள்.

அன்று நல்ல மழை. பிள்ளைகள் சுரங்கப்பாதை வாயில் நின்று பார்த்தார்கள், தண்ணீர் நிறைந்து கிடந்தது. அவளைக் காணோம். பெரிய பையன்கள், மேலேயே போய்விடலாம் என்றார்கள். சாலையின் நடுச்சுவரில் ஒரு இடைவெளி உண்டு. அதில் நுழைந்து இந்தப் பக்கம் இறங்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. மற்றவர்கள் தாண்டிவிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு பையன், சோடாபுட்டி என்பார்கள் அவனை, மழையில் கண்ணாடி மங்கி நின்றிருக்கிறான். வண்டி இடித்துத் தள்ளியதில் கை முறிந்தது. அதோடு போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

அவன் அம்மா ஆபீஸ்களைக் கூட்டித் துடைக்கிறவள், தனியாக அவனை வளர்த்தவள். ஆஸ்பத்திரி நடையில் சக்கரத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். கத்தவில்லை. தாழ்ந்த குரலில், "உன்னை யாரு இவனைக் கூட்டிட்டுப் போகச் சொன்னது?" என்று கேட்டாள். "நான் வீட்டுலதானே வெச்சிருந்தேன். வீட்டுல இருந்தா முட்டாளா இருப்பான். முழுசா இருப்பானில்ல?"

 அதற்கப்புறம் பல நாள் சக்கரம் அந்த வீட்டு வாசலில் போய் நின்று பார்த்தாள். கதவு திறக்கவில்லை. கட்டு போட்ட கையோடு அந்தப் பையனை அவன் அம்மா தன்னோடு ஆபீஸ்களுக்குக் கூட்டிப் போய், மேசைக்கு அடியில் உட்கார வைத்தாள்.

அந்த நாட்களில் சக்கரத்தைப் பார்க்கவே மனசு தாங்காது. கடைக்கு வருவாள், எதையோ கேட்க வாயெடுப்பாள், மறந்துவிட்டுப் போவாள். திரும்பி வருவாள். விரிப்பு மடிக்கும்போது முனையை விட்டுவிடுகிறாள் என்று கூட வேலை செய்தவள் சொன்னாள். ஒரு காலையில் மேற்பார்வையாளரிடம் போய், இனிமேல் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகளை விட்டதற்கும் அழைத்து வருவதற்கும் நடுவில் இருக்கிற நேரத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்க்கும் வேலை கிடைத்தது. சம்பளம் இறங்கியது. அறையும் இறங்கியது. மூன்றாவது அறை என்பது பாதி அறை. நடுவில் பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் ஒரு டிரைவர் குடும்பம். இவள் மகள் வாய்விட்டுப் படித்தால் அந்தப் பக்கத்திலிருந்து, "அதை இன்னொரு தடவை சொல்லும்மா, எங்க பையன் எழுதிக்கறான்" என்று குரல் வரும்.

விஷயம் கேள்விப்பட்டுப் புருஷன் வந்து இறங்கினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்கக் கூடாது என்று என் கடைக்குப் பின்னால் வந்து சண்டை போட்டார்கள்.

"ஊரான் பிள்ளைங்களுக்கு நீ என்ன ஆயாவா? உன் பிள்ளை படிக்கணும்னு இங்க இருந்தே. சரின்னேன். இப்போ இருந்த வேலையையும் விட்டாச்சு. வீட்டைப் பாரு, நான் கால நீட்டினா டிரைவர் மேல இடிக்குது."

"நம்ம பிள்ளைய மட்டும் கூட்டிட்டுப் போகலாம்னுதான் பார்த்தேன். முடியல."

"ஏன் முடியல?"

"வாசல்ல நிக்குதுங்க. அதுங்களப் பார்த்துக்கிட்டே எப்படிங்க நான் மட்டும் போறது? நானும் அப்படி நின்னவதான்."

அவர் மறுநாள் காலையில், நானும் பார்க்கிறேன் என்று கூடப் போனார். முந்தின நாள் மழை. சுரங்கப்பாதைக்குள் சக்கரம் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி அந்தக் கரையில் வைத்துவிட்டுத் திரும்பி வருவதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, இரண்டு இரண்டு பேராகத் தூக்க ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் தரையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். அது அவர் தொழில். ஊருக்குப் போய், அடுத்த வாரம் கூட வேலை செய்கிற இரண்டு பேரோடு ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியில் வந்து இறங்கினார். கட்டடங்களில் மீந்துபோன கற்கள், உடைந்த டைல்ஸ், கொஞ்சம் சிமெண்ட். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூன்று பேரும் சுரங்கப்பாதைக்குள் இருந்தார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். சுவரை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை, ஒரு ஆள் நடக்கிற அகலம், இந்த வாயிலிருந்து அந்த வாய் வரைக்கும். மேலே டைல்ஸ். ஒன்று நீலம், ஒன்று பூப்போட்டது, ஒன்று யாரோ பணக்காரர் வீட்டுக் குளியலறையில் மிஞ்சியது. வழுக்கக் கூடாதென்று எல்லாவற்றையும் கொத்திச் சொரசொரப்பாக்கியிருந்தார்கள்.

"பாலிஷ் போடறவன் வாழ்நாள்ல மொத தடவையா பளபளப்ப எடுத்திருக்கேன்" என்றார் என்னிடம். பெண்டாட்டியிடம் ஒன்றும் சொல்லாமல் அன்றே பஸ் ஏறிவிட்டார். யாரிடம் அனுமதி வாங்கினார்கள் என்று கேட்டு ஒரு ஆள் வந்தார். தெருவில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் சோடாபுட்டி வரிசையில் வந்து நின்றான். அவன் அம்மா தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். சக்கரத்தோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாதது அதற்கப்புறமும் வெகுகாலம் அப்படியே இருந்தது. பையனை மட்டும் அனுப்பினாள்.

நானும் கடையை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டேன். சக்கரத்தின் மகள் வளர்ந்தாள். பத்தாவது தேறினாள், பன்னிரண்டாவதும் தேறினாள். ஆகா ஓகோ என்றெல்லாம் இல்லை. தேறினாள். லேப் டெக்னீஷியன் படிப்புக்கு இடம் கிடைத்தது. எங்கள் ஊரிலேயே அந்தப் படிப்பு இருந்தது. அவள் எழுதிப் போட்டது பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊருக்கு.

என் கடையில்தான் அந்தச் சண்டை நடந்தது.

"இங்க இருக்கறது என்ன, படிப்பு இல்லியா?" என்றாள் சக்கரம். "ஒரே எடத்துல இருந்து நீ படிக்கணும்னு நான் எத்தனை வீடு மாறினேன் தெரியுமா பாப்பா?"

"தெரியும்மா. பாப்பான்னு கூப்பிடாத."

"தெரிஞ்சா ஏன் போறேங்கற?"

"நீ ஊர் ஊராப் பார்த்தே. அப்பா ஊர் ஊராப் பார்க்கறார். நான் இந்தத் தெருவை விட்டா என்னத்தப் பார்த்தேன்? மணி கேக்கற தூரத்துக்குள்ளயே நான் வளர்ந்துட்டேம்மா. எனக்கு மூச்சு முட்டுது."

 சக்கரம் எதற்கும் அசராதவள், அன்றைக்கு முகம் செத்துப்போயிற்று. நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. "நான் பார்த்தது ஊர் இல்லடி" என்றாள் கடைசியில். "ஊரோட ஓரம்." ஆனால் அதற்கு மேல் தடுக்கவில்லை.

மகள் போனாள். இரண்டு மாசத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள். பாடமெல்லாம் இங்கிலீஷில் ஓடுகிறது, கண்ணாடிக் குழாய் கையிலிருந்து நழுவுகிறது, மற்றவர்கள் தலையாட்டும்போது தானும் தலையாட்டுகிறாள். ஒன்றும் புரியவில்லை, இனிமேல் போகப்போவதில்லை.

சக்கரம் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. சாப்பாடு போட்டாள். அடுத்த நாளும் போட்டாள். பிறகு சொன்னாளாம்:

"புரியலன்னா அங்கேயே உக்காந்திருக்கணும். நான் ஒவ்வொரு எடத்துலயும் புரியறதுக்கு முன்னாடி கெளம்பினவ. நானாக் கெளம்பல, கெளப்பிட்டாங்க. உன்னை யாரும் கெளப்பல. திங்கக்கிழமை நானே வந்து விடறேன்."

"போய்ட்டு மறுபடியும் புரியலன்னா?"

"மறுபடியும் உக்காரு. பெஞ்சு என்ன தேஞ்சா போயிடும்?"

திங்கட்கிழமை பிள்ளைகளின் வரிசையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு மகளோடு பஸ் ஏறினாள். நான் கூட்டிக்கொண்டு போன லட்சணத்தைப் பிள்ளைகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மறுநாள் காலை அந்த ஊரில் காலேஜ் வாசலில் மகளை விட்டுவிட்டு உடனே திரும்பவில்லையாம். மகள் ஒருவேளை ஓடி வந்துவிடுவாளோ என்று வகுப்பு முடிகிற வரைக்கும் எதிர்ச் சாரியில் நடந்துகொண்டே இருந்திருக்கிறாள், இந்த முனைக்கும் அந்த முனைக்கும். ஒரு காவலாளி வந்து யாரைத் தேடுகிறாய் என்று கேட்டானாம். "யாரையும் தேடல. யாரும் வரக் கூடாதுன்னு பார்க்கறேன்" என்றாளாம்.

மகள் வரவில்லை. அந்தப் படிப்பை முடிக்க ஒரு வருஷம் கூடுதலாயிற்று. ஒரு பேப்பர் கடைசி வரைக்கும் காலைவாரியது, பிறகு அதுவும் விட்டுக்கொடுத்தது. இப்போது அந்த ஊரிலேயே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூன்றாம் மாடியில் ஒரு அறை, அவள் ஒருத்திக்கே முழு அறை. தடுப்புப் பலகை கிடையாது. அப்பாவும் வேலை இல்லாத நாட்களில் அங்கே போய்க் காலை நீட்டிப் படுக்கிறார்.

அம்மாவும் வந்துவிட வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். போன மாதம் சக்கரம் போனாள். ஒரு வாரம் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவள், வாரம் முடியும் முன்னாலேயே என் கடை வாசலில் நின்றாள்.

"என்னம்மா, அதுக்குள்ள வந்துட்டே?"

"நல்லா இருக்கா அண்ணே. காலைல வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டுப் போறா, சாயங்காலம் வர்றா. என்னை ஒரு வேலை செய்ய விடறதில்ல. உக்காரு உக்காருங்கறா."

"உக்கார வேண்டியதுதானே. எத்தனை வருஷம் நடந்தாச்சு."

"உக்காந்து பார்த்தேன்" என்றாள். "மொத நாள் நல்லாத்தான் இருந்தது."

"அப்புறம்?"

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், இப்போது பெரிய பிள்ளைகளே சின்னவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கடைசிப் பையன் வந்து சேர்ந்ததும் அவள் கண் திரும்பவும் தெருமுனைக்குப் போனது.

"அக்கா தங்கச்சி ரெண்டு பேர் வருமே அண்ணே, பம்பு செட்டு வீட்டுப் பிள்ளைங்க. இன்னிக்கும் வரலியா?"

"நேத்தும் வரல."

"முந்தாநாள்?"

எனக்குத் தெரியவில்லை. பாதி டீயை அப்படியே பலகை மேல் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் வந்த வழியே திரும்பி நடந்தாள்.